எல்லாப் பதிப்புகளிலும் ஒரு மரணம்

எங்கள் ஊரில் நல்ல டாக்டர்கள் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சர்க்கரை, மூட்டுவலி, மஞ்சள் காமாலை, நாய்க்கடி, பிரசவம் எல்லாவற்றையும் திருத்தணியிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களை எழுப்பி உட்காரவைத்து அனுப்புவதில் எங்கள் டாக்டர்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு ஊர்க்காரர்களுக்கு வராது. சாவதற்கு மட்டும் சென்னைக்குப் போகிறோம். அதுவும் எல்லோரும் அல்ல, பிரமுகர்கள் மட்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னைக் கேட்டது துர்கா என்ற நர்ஸைப் பற்றி. பக்தவச்சலம் ஐயாவின் வாயில் மோர் ஊற்றியது அவள்தானா, நான் அறையில் இருந்தபோது எதையாவது பார்த்தேனா என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். நீங்கள் சென்னைக்காரர். எந்தத் தெருவில் செத்தாலும் சென்னையில் செத்ததாகவே ஆகும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

என் பெயர் கஜபதி. திருத்தணியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பத்திரிகை ஏஜென்சியும் என்னிடம்தான் இருக்கிறது. அதாவது நான் எழுதியதை நானே கட்டுப் பிரித்து நானே விற்கிறேன். இந்த வேலையில் ஒருவர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், செய்தியின் மதிப்பு நடந்த சம்பவத்தில் இல்லை, நடந்த இடத்தில் இருக்கிறது என்பது. 'திருத்தணி' என்று தொடங்கும் செய்தி மாவட்டப் பக்கத்தைத் தாண்டாது. அதே செய்தி 'சென்னை' என்று தொடங்கினால் எல்லாப் பதிப்புகளிலும் வரும். நாகர்கோவிலில் காலைக் காபி குடித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதைப் படித்து, த்சொ என்பார்.

எங்கள் ஊரில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். பாதி ஊருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் மத்தியானம் குழம்புச் சாதம் சாப்பிட்டு, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவருக்கு நான்கு வரி கிடைத்தது. அந்த நான்கு வரிக்குப் பக்கத்திலேயே, கிணற்றில் விழுந்த பசுவைத் தீயணைப்பு வீரர்கள் மீட்ட செய்தி. பசு உயிரோடு இருந்ததால் அதற்குப் படமும் போட்டிருந்தார்கள்.

பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்கும் தூக்கத்திலேயே உயிர் போயிற்று. ஆனால் அவருடைய பிள்ளைகள் விவரமானவர்கள். உடனே கையில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றி, சைரன் போட்டுக்கொண்டு சென்னை வரை போனார்கள். வாசலிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். அது போதும். 'சென்னையில் காலமானார்' என்று கன்னியாகுமரி வரை செய்தி போனது. முன்னாள் ஒன்றியத் தலைவர் ஒருவர் இருந்தார். ஆயுள் முழுக்க சென்னையைத் திட்டியவர். அவர் அங்கேயே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், மேற்கூரையைப் பார்த்தபடி, தெரிந்த முகம் ஒன்றுமில்லாமல் செத்தார். ஊருக்குத் திரும்பி வந்தபோது பைபாஸிலிருந்து வீடு வரை பேனர் கட்டியிருந்தார்கள். பேனர் கட்டியவர்கள் கும்பிடும் படம் பெரிதாகவும், செத்தவர் படம் மூலையிலும் இருந்தது.

ஆகவே எங்கள் ஊரில் ஒருவரை இன்னும் சென்னைக்குக் கொண்டுபோகவில்லை என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, அவர் பிழைத்துவிடுவார். அல்லது அவர் பிரமுகர் இல்லை.

பக்தவச்சலம் ஐயாவைப் பற்றி நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எழுதியது நான்தான். திருத்தணி ஆந்திரத்தோடு போகக்கூடாது, தமிழ்நாட்டோடு இருக்கவேண்டும் என்று போராட்டம் நடந்த காலத்தில், மீசை அரும்பும் வயதில் சிறைக்குப் போனவர். அப்போது உள்ளே போனவர்களில் எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்த கடைசி ஆள். வருஷத்துக்கு ஒரு முறை மேடையேற்றிச் சால்வை போடுவோம். மீதி நாட்களில் மலை தெரியும் கொல்லையில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். அவர் மகள் மணியம்மை அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். தெலுங்கோடு எல்லைச் சண்டை போட்டவரை வீட்டில் நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் உறுத்தாது. எழுதும்போது மட்டும் அதை 'அப்பா' என்று மாற்றிவிடுவேன்.

போன மாதம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. ஊர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. வலது கை துவண்டிருந்தது. விழுங்குவது மட்டும் சரியாக வரவில்லை என்பதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது டாக்டர், "தேறிக்கினு வர்றாரு சார். வீட்டுக்கே கூட்டிகினு போலாம்" என்றார். மணியம்மையின் முகம் விரிந்தது. எனக்கு அந்தத் தலைமை ஆசிரியர் ஞாபகம் வந்தது. பசுவும் ஞாபகம் வந்தது.

நான் ஐயாவிடம் நேராகவே சொன்னேன். "ஐயா, மெட்ராஸ் போயி ஒரு தபா காட்டிட்டு வந்துரலாம்."

அவர் உதட்டை இழுத்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை. "ஏம்பா கஜபதி, இந்த ஊர மெட்ராஸோட சேக்கணும்னுதான் நான் ஜெயிலுக்குப் போனேன். என்னைய மெட்ராஸோட சேக்கச் சொல்லி இல்ல."

நல்ல வரி. கட்டுரையில் பயன்படுத்த முடியாத வரி.

"அப்படிச் சொல்லாதீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆனா ஆவட்டும். செத்தா என் கொல்லையில இருந்து மலையப் பாத்துகினே சாவறேன். உனக்கு இன்னா அவசரம்?"

அவரோடு மேலே பேசிப் பயனில்லை. வெளியே வராந்தாவில் மணியம்மையிடம் பேசினேன். நான் அவளை மிரட்டவில்லை. உண்மையை மட்டும்தான் சொன்னேன்.

"நீ வீட்டுக்குக் கூட்டிகினு போ மா. நான் வாணான்னு சொல்லல. ஆனா ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு யோசிச்சுக்கோ."

"இன்னா பேசுவாங்கண்ணா? டாக்டரே போலாம்னுட்டாரு."

"டாக்டர யாரு கேக்கப்போறாங்க? பெத்த பொண்ணு, மெட்ராஸ் கூட காட்டாம சாவ உட்டுட்டான்னு சொல்லுவாங்க. கொல்லைய எழுதி வாங்கிக்கினு கைய கழுவிட்டான்னும் சொல்லுவாங்க."

"எந்தக் கொல்லைய எழுதி வாங்கினேன்?"

"வாங்கலன்னு எனக்குத் தெரியும். எல்லார் வீட்டுக் கதவையும் தட்டி நான் சொல்லிகினு இருக்க முடியுமா?"

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்தது. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் சொல்லி சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இடம் பிடித்ததும் நான்தான். வண்டியில் ஏற்றும்போது ஐயா இடது கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வுடு நைனா, நல்லதுக்குத்தான்" என்று மணியம்மை அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். நான் அதைப் படம் எடுத்தேன். 'மக்களிடம் விடைபெறக் கையசைத்தார்' என்று அதற்குக் கீழே எழுதலாம் என்று தோன்றியது.

சென்னைக்குப் போனதும் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கட்டுரை தயாராக இருந்தது. சிறை, சால்வை, கத்தரிச் செடி எல்லாம் அதில் இருந்தன. தேதியை மட்டும் போடவேண்டும். பெரியவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவைப்பது எங்கள் தொழிலில் சகஜம். அதில் அமங்கலம் ஒன்றுமில்லை.

சிக்கல் வேறு விதமாக வந்தது. அதே மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு பழைய நடிகர் படுத்திருந்தார். ஒரு காலத்தில் வில்லனாக வந்து பல கதாநாயகிகளின் கையைப் பிடித்து இழுத்தவர். கீழே வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து ஸ்ரீதர் போன் செய்தான். செய்திப் பிரிவில் பக்கம் ஒதுக்குகிறவன்.

"இன்னா சார், உங்க பெரியவரு எப்டி இருக்காரு?"

"இருக்காரு."

"அதான் சார் கேக்கறேன். எவ்ளோ நாள் இருப்பாரு? எடிட்டர் கிட்ட பேசி கால் பக்கம் வாங்கி வெச்சிருக்கேன். எல்லா எடிஷனும். ஆனா மேல் மாடி ஆளு முந்திட்டாருன்னு வைங்க, ஒரு வாரத்துக்கு மூச்சு வுட முடியாது. உங்காளு பிட்டு நியூஸாதான் போவாரு."

"நடிகருக்கு எப்படி இருக்கு?"

"இழுத்துகினு இருக்குதாம். இவரு?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் பக்தவச்சலம் ஐயா அன்று காலை எழுந்து உட்கார்ந்திருந்தார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் பிழைத்த விதம் எந்த ஒழுங்கும் இல்லாதது. ஊரில் பேனருக்குச் சொல்லியாயிற்று. எம்.எல்.ஏ. இரங்கல் செய்தியை என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டுவிட்டார். இப்படி ஒரு ஏற்பாடு ஒரு மனிதருக்கு ஆயுளில் ஒருமுறைதான் கூடி வரும். இப்போது ஊர் திரும்பினால், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் சாய்ந்து, மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியாகப் போவார். இரண்டாம் தடவை சென்னைக்குக் கொண்டுவர மணியம்மை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவ்வளவு பெரிய தியாகத்துக்கு நான்கு வரி.

துர்கா அவருடைய பகல்நேர நர்ஸ். ஆர்.கே.பேட்டைப் பெண். எங்கள் பக்கத்துக் குரல் கேட்டதும் ஐயாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டிலுக்கு மேலே, வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்று அட்டை மாட்டியிருந்தது. போதாதென்று அவள் உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"ஒரு சொட்டு தண்ணி கூட வாய்ல ஊத்திடாதீங்க. வயித்துக்குப் போவாது, நுரையீரலுக்குப் போயிடும். குழாய்லதான் குடுக்கணும், அதுவும் ஒக்கார வெச்சி. படுக்க வெச்சி எதுவும் கூடாது, ஆங்?"

ஐயா அவளைக் கிண்டல் செய்வார். "ஏம்மா, ஜெயில்ல கூட எனக்குக் கூழு ஊத்துனாங்க. நீ அவனுங்களுக்கு மேல இருக்கறியே."

"ஊருக்குப் போயி நல்லா முழுங்கப் பழகிட்டு எங்க வூட்டுக்கு வாங்க தாத்தா. எங்கம்மா கையால கூழு ஊத்தறேன். இப்ப வாய மூடுங்க."

"மோரு?"

"அதுவுந்தான்."

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. எது உயிருக்கு ஆபத்து என்பதை அவள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் மணியம்மை கீழே வண்டி பேசப் போனாள். துர்காவை எதிர் அறையில் கூப்பிட்டார்கள். போகும்போது அழைப்பு மணியின் பொத்தானை ஐயாவின் இடது கைப்பக்கம் வைத்துவிட்டு, "நான் இங்கதான் இருக்கேன் தாத்தா, வேணும்னா அழுத்துங்க" என்று சொல்லிப் போனாள். என்னைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணா" என்றாள்.

ஐயா நல்ல மனநிலையில் இருந்தார். "கஜபதி, நாளைக்கு இந்நேரம் மலையப் பாத்துகினு இருப்பேன். உன் பேப்பர்காரன் ஏமாந்து போனான் இல்ல?" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிரித்தார். சிரித்ததில் தொண்டை வறண்டு, "வாயெல்லாம் காஞ்சி போச்சி" என்றார்.

என் பையில் மோர் பாக்கெட் இருந்தது. கீழே கேன்டீனில் அன்று காலை வாங்கியது. எனக்காக வாங்கவில்லை. எனக்கு மோர் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும்.

அவர் கேட்டார், நான் கொடுத்தேன். ஒரு பெரியவர் கடைசியாகக் கேட்டதைக் கொடுத்தேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். முதல் வாய் மோரை அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தார் என்பதையும் நான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கட்டிலின் தலைமாட்டை இறக்கிவைத்ததும் நான்தான். அதற்கான கைப்பிடி கால்பக்கம் இருக்கிறது. சுற்றுவதற்குச் சுலபம்.

அன்று மாலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இரவுக்குள் எல்லாம் முடிந்தது. ஸ்ரீதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எல்லாப் பதிப்புகளிலும் வந்தது, படத்தோடு. நடிகர் இரண்டு நாள் கழித்துத் தேறி, வாசலில் நின்று இரண்டு விரலைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முதல் பக்கம் கொடுத்தார்கள். அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை.

நுரையீரலிலிருந்து உறிஞ்சி எடுத்ததில் மோர் இருந்தது என்று டாக்டர்கள் கண்டுபிடித்ததும், பணியில் இருந்தவள் என்று துர்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். 'செவிலியரின் அலட்சியமா?' என்று தலைப்பிட்டு அடுத்த செய்தியை எழுதியது நான்தான். கேள்விக்குறி போட்டிருந்தேன். நியாயமாக எழுதவேண்டும் என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன்.

அப்படியானால் இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஐயாவின் படத்திறப்பு நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் எம்.எல்.ஏ.வுக்கு நன்றி சொன்னார்கள். "அண்ணன் மட்டும் ஏற்பாடு பண்ணலன்னா ஐயா இங்கேயே செத்திருப்பாரு" என்று ஒருவர் சொன்னதற்குக் கைதட்டல் வேறு. என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர், "யாரோ ஒரு பொண்ணு தெரியாம மோர ஊத்திட்டாளாம்பா, பாவம், அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு நேரம்" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஊருக்காகச் சிறைக்குப் போன ஒருவருடைய முடிவு, ஒரு சின்னப் பெண்ணின் கவனக்குறைவால் நேர்ந்த தற்செயல் என்று வரலாற்றில் நிற்கக்கூடாது. அது அவருக்கு அவமரியாதை. அவருடைய மரணத்துக்குப் பின்னால் ஒருவனுடைய சிந்தனையும் உழைப்பும் இருந்தன. யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. துர்காவை விட்டுவிடுங்கள், அவளுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

மணியம்மை நேற்று கடைக்கு வந்தாள். கட்டுரை வந்த பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். "கடைசியில நைனா எதுனா சொன்னாராண்ணா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. வாய் நிறைய மோர் இருக்கும்போது யாராலும் பேச முடியாது. "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்று சொல்லி, கட்டுரையின் கடைசி வரியை விரலால் தடவிக் காட்டினாள். அதைப் படித்தபோதுதான் தனக்கு அழுகை நின்றதாகச் சொன்னாள்.

அந்த வரியை மட்டும் யாராவது பொய் என்று சொல்லிவிடக்கூடாது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு தப்பும் வரை அவருடைய இடது கையை நான் இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு சொல் கூட மிகை இல்லை. அந்தக் கை அழைப்பு மணியின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.